லீட்டா எண்ணிப் பார்த்தார்

1908ஆம் ஆண்டின் கடைசி நாளில், நியூயார்க் நகரில், 22 வயது லீட்டா ஸ்டெட்டருக்கும் உளவியல் ஆய்வு மாணவர் ஹாரி ஹாலிங்வொர்த்துக்கும் கல்யாணம் நடந்தது. லீட்டா நெப்ராஸ்கா மாநிலத்தில் பட்டம் வாங்கி, அங்கேயே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தவர். நியூயார்க்கிலும் அதே வேலையைத் தொடரலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் நகரப் பள்ளிகளில் அன்றைக்கு ஒரு விதி இருந்தது: கல்யாணமான பெண்ணுக்கு ஆசிரியர் வேலை கிடையாது. லீட்டா வீட்டில் சமைத்தார், துணி தைத்தார், நடுவில் சிறுகதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். கதைகள் போன வேகத்திலேயே திரும்பி வந்தன. மேற்படிப்புக்குக் கையில் காசில்லை.

அந்த அடுப்படியிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது, நம்பினால் நம்புங்கள், கோகோ கோலா. அந்தப் பானத்தில் இருக்கும் காஃபின் உடம்புக்குக் கேடு என்று அமெரிக்க அரசு 1909இல் 40 பெரிய பீப்பாய்களும் 20 சிறிய பீப்பாய்களும் நிறைந்த சாற்றைப் பறிமுதல் செய்து வழக்குப் போட்டது. காஃபின் மனித மூளையை என்ன செய்கிறது என்று சொல்ல ஒரு ஆய்வு வேண்டும் என்று கம்பெனி தேடியது. பெயர் பெற்ற பேராசிரியர்கள் கம்பெனிக் காசைத் தொடத் தயங்கினார்கள். ஹாரிக்குத் தயங்குகிற வசதி இல்லை. மான்ஹாட்டனில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, 16 பேரை வைத்து 40 நாள் சோதனை நடத்தினார்கள். அதை அன்றாடம் முன்னின்று நடத்தியவர் லீட்டா. அளவோடு குடித்தால் காஃபினால் பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை என்று முடிவு வந்தது. வழக்கின் கதை வேறு எங்கெங்கோ போனது. நமக்கு வேண்டியது, அந்தச் சம்பளத்தில் லீட்டா கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார் என்பதுதான்.

அங்கே அவருக்கு வாய்த்த வழிகாட்டி எட்வர்ட் தார்ண்டைக். கல்வி உளவியலின் பிதாமகர்களில் ஒருவர். அந்தக் காலத்து மற்ற பெரியவர்களைப் போலவே அவரும் ‘மாறுபாட்டுக் கருதுகோள்’ என்ற ஒன்றை நம்பினார்.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது முட்டாள்தனமான கருதுகோள் இல்லை. பெண்ணுக்கு மூளை சிறியது, ஆகவே அறிவு குறைவு என்ற பழைய வாதம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்டம் கண்டுவிட்டது. உடம்பு எடையோடு ஒப்பிட்டால் மூளையின் அளவு பேசும் கதை மாறிவிடுகிறது. பரீட்சைகளிலும் பெண்கள் சளைக்கவில்லை. அதனால் வாதம் வேறு இடத்துக்கு நகர்ந்தது. சராசரி இருபாலருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆனால் ஆண்களில் விரிவு அதிகம். மேதைகளும் ஆண்களிலேயே அதிகம், மூளை வளர்ச்சி குன்றியவர்களும் ஆண்களிலேயே அதிகம். பெண்கள் எல்லாரும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டார்வின் விலங்குகளில் ஆணினம்தான் கூடுதலாக மாறுபடுகிறது என்று எழுதியிருந்தார். ஹேவ்லாக் எல்லிஸ் 1894இல் அதை மனிதர்களுக்கு நீட்டினார். மேலே பார்த்தால் நியூட்டனும் பீத்தோவனும், கீழே பார்த்தால் மனவளர்ச்சி குன்றியோர் காப்பகங்களில் ஆண்களின் கூட்டம். சாட்சி இரண்டு முனையிலும் தயாராக இருந்தது.

தார்ண்டைக் 1906இல் இதிலிருந்து ஒரு கல்விக் கொள்கையே வகுத்தார். நர்ஸ் வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் நடுத்தரத் திறமை போதும், பெண்களுக்கு அதில் பயிற்சி கொடுப்போம். அரசியல் தலைமை, தத்துவம், அறிவியல் ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு அபூர்வமான சில மேதைகள் வேண்டும், அவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பார்கள். இப்படிச் சொன்னவரிடம்தான் லீட்டா ஆராய்ச்சி செய்ய வந்தார். தார்ண்டைக்குக்குப் பெருந்தன்மை இருந்தது என்றே சொல்ல வேண்டும். தன் கொள்கையின் அடித்தளத்தை இந்த மாணவி தோண்டப் போகிறார் என்று தெரிந்தும் அவர் தடுக்கவில்லை.

லீட்டாவுக்கு அப்போது நியூயார்க்கில் ஒரு தற்காலிக வேலை கிடைத்திருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்ற சந்தேகத்தில் அனுப்பப்படுபவர்களுக்கு பினே அறிவுச் சோதனை நடத்தித் தரம் பிரிக்கும் நகர அலுவலகம். அங்கே வந்த 1,000 பேரின் பதிவுகளை எடுத்து எண்ணினார். மொத்தத்தில் ஆண்கள் அதிகம். கருதுகோள் சொன்னதும் அதுதான். எல்லாரும் நிறுத்தும் இடத்தில் அவர் நிறுத்தாமல், வயதுவாரியாகப் பிரித்தார். அப்போது படம் மாறியது. சிறு வயதில் பையன்கள் கூட்டம். 16 வயதைத் தாண்டினால் பெண்கள் கூட்டம். வயது ஏற ஏறப் பெண்களின் பங்கு கூடியது.

இயற்கை ஏன் வயது பார்த்துப் பாகுபாடு காட்ட வேண்டும்? லீட்டாவின் விளக்கம் ஆய்வகத்துக்கு வெளியே இருந்தது. பையன் சீக்கிரமே தெருவுக்கும் வேலைக்கும் போட்டிக்கும் அனுப்பப்படுகிறான். கணக்கு வரவில்லை, சொன்னதைப் புரிந்துகொள்ளவில்லை என்றால் ஊரே கவனிக்கிறது, அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெண் பிள்ளைக்கு அதே குறை இருந்தால் வீட்டிலேயே காலம் ஓடிவிடுகிறது. பெருக்குவாள், பாத்திரம் கழுவுவாள், தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கல்யாணமும் ஆகிவிடலாம். புருஷன் செத்தோ கைவிட்டோ போய், அவளே சம்பாதிக்க வேண்டிய நாள் வரும்போதுதான் குறை வெளியே தெரிகிறது. ஆகவே காப்பகத்தில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்ற எண்ணிக்கை மூளையை அளக்கவில்லை. சமூகம் யாரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை அளக்கிறது.

அடுத்து, சமூகம் தொடுவதற்கு முன்பே அளந்துவிடலாம் என்று முடிவெடுத்தார். ஹெலன் மாண்டேக் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, நியூயார்க்கின் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பிறந்த 1,000 ஆண் குழந்தைகள், 1,000 பெண் குழந்தைகளின் அளவுகளை எடுத்தார்: எடை, நீளம், தலைச்சுற்றளவு என்று பத்து வகை. 1914இல் முடிவு வெளியானது. ஆண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் பெரியவை. விரிவில்? ஆண் பக்கம் கூடுதல் மாறுபாடு எதுவும் இல்லை. சொல்லப்போனால் சில அளவுகளில் பெண் குழந்தைகள்தான் சற்று அதிகம் மாறுபட்டன. தலைச்சுற்றளவு மேதைமை ஆகாது என்று யாரும் மறுக்கலாம். ஆனால் கருதுகோளைத் தூக்கிப் பிடித்தவர்களும் உடல் அளவுகளில்தான் ஆரம்பித்திருந்தார்கள்.

மேல்முனை பாக்கி. மேதைகளின் பட்டியலில் பெண்கள் ஏன் இல்லை? எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் பிடித்த இடம் இதற்கு லீட்டா கொடுத்த பதில்தான். புகழ் என்பது திறமையால் மட்டும் வருவதில்லை, புகழ் தரக்கூடிய துறையில் வேலை செய்தால்தான் வரும். பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே தொழிலில் இருக்கிறார்கள்: வீட்டு நிர்வாகம், பிள்ளை வளர்ப்பு. அந்தத் தொழிலில் ஊரறியும் மேதை ஆவதற்கு வழியே இல்லை. நாட்டிலேயே மிகச் சிறந்த இல்லத்தரசி யார் என்று எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஏற்பாடும் இல்லை. (நம் ஊரிலும் தினசரிச் சமையல் பெண்களுடையது. கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுத்து, பெயர் போட்டு, கூலி பேசி வாங்குகிற தலைமைச் சமையல்காரர் பெரும்பாலும் ஆண்.) ஆகவே மேதைமைக்குக் காரணம் தேடுகிறவர்கள், முதலில் எல்லாருக்கும் தெரிந்த வெளிப்படையான காரணத்தைத் தீர்த்துவிட்டு, அதற்குப் பிறகு உயிரியலின் கதவைத் தட்டட்டும் என்றார்.

அவருடைய முனைவர் ஆய்வேடும் இதே குணம் கொண்டது. பின்னணிக்கு 1873க்குப் போக வேண்டும். ஹார்வர்டின் முன்னாள் மருத்துவப் பேராசிரியர் எட்வர்ட் கிளார்க், பெண்கள் கல்லூரியில் ஊன்றிப் படித்தால் கருப்பைக்குப் போக வேண்டிய சக்தி மூளைக்குப் போய்விடும் என்று புத்தகம் எழுதினார். ஆதாரம், ஏழு பெண்களின் கதைகள். புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. மேரி புட்னம் ஜேகோபி என்ற மருத்துவர் 268 பெண்களிடமிருந்து விவரம் திரட்டி, மாதவிடாய் நாட்களில் கட்டாய ஓய்வு தேவையில்லை என்று காட்டினார். பெயர் சொல்லாமல் அனுப்பிய அந்தக் கட்டுரைக்கு 1876இல் ஹார்வர்டே பரிசு கொடுத்தது. ஆனாலும் நம்பிக்கை சாகவில்லை. மாதத்தில் சில நாள் பெண்ணின் புத்தியும் கையும் நிதானம் இழக்கும், அதனால் பொறுப்பான வேலைக்கு ஆகமாட்டாள் என்பது பாடப்புத்தக உண்மையாக இருந்தது. லீட்டா பெண்களையும், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஆண்களையும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்தார். விரலால் தட்டும் வேகம், கை நடுங்காத தன்மை, நிறங்களின் பெயர் சொல்வது, எதிர்ச்சொல் சொல்வது, தட்டச்சு. மாதவிடாய்ச் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கும் எந்தக் கோடும் கிடைக்கவில்லை. 1916இல் பட்டம் கிடைத்தது. இத்தனை பேர் இத்தனை காலம் சொல்லிவந்ததை யாருமே ஏன் நாள்தோறும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குப் பாதிப் பதில், அளக்கும் அறைக்குள் யார் இருந்தார்கள் என்பதில் இருக்கிறது. மேரி கால்கின்ஸ் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் 1895இல் முடித்தார். வில்லியம் ஜேம்ஸ் உட்பட ஆசிரியர்கள் வியந்து பாராட்டினார்கள். பெண் என்பதால் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார், அப்போதும் பட்டம் இல்லாமலேயே. பார்வையில் நிறங்கள் எப்படித் தெரிகின்றன என்று ஆராய்ந்த கிறிஸ்டின் லேட்-ஃபிராங்க்ளின் 1882இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முடித்த படிப்புக்கு 1926இல் பட்டம் வாங்கினார். உளவியலாளர் எட்வர்ட் டிட்செனர் 1904இல் தொடங்கிய சோதனை உளவியலாளர் குழுவுக்குள் பெண்களைச் சேர்ப்பதில்லை. சுருட்டுப் புகையும் ஒளிவுமறைவற்ற விவாதமும் பெண்களுக்கு ஒத்துவராதாம்.

இதை வைத்து, பெண்கள் செய்ததால் இந்த ஆய்வுகள் சரியாக அமைந்தன என்று சொல்லிவிட முடியாது. லீட்டாவே பிற்காலத்தில் மேதைக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, அறிவு பெரும்பாலும் பரம்பரைச் சொத்து என்ற அந்தக் காலத்து இனமேம்பாட்டு வாதத்தின் பக்கம் சாய்ந்தார். பெண்கள் விஷயத்தில் சூழலைப் பார்த்த கண், ஏழைகள் விஷயத்தில் அதே கூர்மையோடு பார்க்கவில்லை.

மாறுபாட்டுக் கருதுகோள் அதோடு செத்துவிட்டதா? இல்லை. 2005 ஜனவரியில் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் ஒரு கருத்தரங்கில், அறிவியலின் உச்சிப் பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு இந்த விரிவு வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் பாதியில் எழுந்து வெளியேறினார். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்த்தால்: அமெரிக்க மாணவர்களின் கணித மதிப்பெண்களில் பையன்களின் விரிவு இன்றும் சற்று அதிகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 13 வயதுக்குள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி கணிதத் தேர்வில் 800க்கு 700க்கு மேல் வாங்கிய குழந்தைகளில், 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு 13 பையன்கள் இருந்தார்கள். 1990களுக்குள் அது ஏறக்குறைய நான்காகக் குறைந்துவிட்டது. மரபணு அத்தனை வேகமாக மாறாது. மீதமிருக்கும் நாலுக்கு என்ன காரணம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும்.

இடைப்பட்ட காலத்தில் உளவியலுக்குள் பெண்ணியம் அமைப்பாகவே நுழைந்துவிட்டது. 1968இல் நயோமி வைஸ்டீன் எழுதிய கட்டுரை அதற்குத் தீக்குச்சி. பெண்ணின் இயல்பு என்ன என்று உளவியலுக்குத் தெரியாது என்பது அவர் வாதம். ஏனெனில் அது மனிதருக்கு உள்ளே குணத்தைத் தேடுகிறது, சுற்றி நிற்கும் எதிர்பார்ப்பைப் பார்ப்பதில்லை. ராபர்ட் ரோசந்தாலின் எலிச் சோதனையை அவர் துணைக்கு அழைத்தார். ஒரே மாதிரியான எலிகளைச் சில மாணவர்களிடம் ‘புத்திசாலி எலி’ என்றும் சிலரிடம் ‘மந்த எலி’ என்றும் சொல்லிக் கொடுத்தபோது, புத்திசாலி என்று நம்பியவர்களின் எலிகள் புதிர்வழியில் நன்றாகவே ஓடின. எலிக்கே இந்த கதி.

1970இல் வெளியான இங்கெ ப்ரோவர்மன் என்ற உளவியலாளரின் ஆய்வு இதைச் சிகிச்சை அறைக்குள் காட்டியது. மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் என 79 பேர். அவர்களில் 33 பேர் பெண்கள். ஒரு பகுதியினரிடம் மனநலம் வாய்ந்த ஆணை வர்ணிக்கச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரிடம் பெண்ணை, மற்றவர்களிடம் வெறுமனே மனநலம் வாய்ந்த வயது வந்தவரை. ஆணின் படமும் வயது வந்தவரின் படமும் ஒன்றாக இருந்தன. பெண்ணின் படம் விலகியிருந்தது: அதிகம் பணிபவள், எளிதில் மனம் புண்படுபவள், சுயேச்சை குறைந்தவள். ஆரோக்கியமான பெண்ணாக இருந்தால் ஆரோக்கியமான மனிதராக இருக்க முடியாது, மனிதராக இருந்தால் பெண்மை குறைவு. ஆண் நிபுணர்களும் பெண் நிபுணர்களும் இதில் ஒருமித்திருந்தார்கள். முத்திரை குத்துவதற்கு ஆணாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

புகழுரையும் முத்திரைதான். 1982இல் கரோல் கில்லிகன், பெண்கள் அறத்தை நீதியின் மொழியில் யோசிப்பதைவிட அக்கறையின் மொழியில் யோசிக்கிறார்கள் என்று எழுதியது பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆண்களை மட்டும் வைத்து அளவுகோல் செய்தவர்களுக்கு அது நல்ல பதிலடி. ஆனால் பிற்கால ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மிகச் சிறியது என்று தெரிந்தது. ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், அளந்த ஆண்-பெண் வித்தியாசங்களில் 78 சதவீதம் சிறியவை அல்லது பூஜ்யத்துக்கு அருகில். பந்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் எறிகிறார்கள் என்பது போன்ற சிலவற்றில்தான் பெரிய இடைவெளி.

இடைவெளி இவ்வளவு சிறியது என்றால் முத்திரைகள் எங்கிருந்து வருகின்றன? ஆலிஸ் ஈக்ளி 1987இல் ஒரு விடை வைத்தார்: நாம் குணத்தைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைப் பார்க்கிறோம். வேலையிலிருந்து குணத்தை ஊகித்துக்கொள்கிறோம். மூன்று வருடம் கழித்து கர்ட் ஹாஃப்மனும் நான்சி ஹர்ஸ்ட்டும் இதைச் சோதிக்க ஒரு கிரகத்தையே கற்பனை செய்தார்கள். அங்கே ஒரிந்தியர், ஆக்மியர் என்று இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்தில் பெரும்பாலோர் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள்; மற்றதில் பெரும்பாலோர் பிள்ளை வளர்க்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இந்தக் கிரகவாசிகளைப் பற்றி ஒவ்வொருவராக விவரம் கொடுக்கப்பட்டது: எந்தக் கூட்டம், என்ன வேலை, என்னென்ன குணம். இதில் சூட்சுமம், குணங்கள் இரண்டு கூட்டத்துக்கும் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருந்தன. அன்பானவர்கள் இங்கேயும் அத்தனை பேர், அங்கேயும் அத்தனை பேர், துணிச்சல்காரர்களும் அப்படியே.

ஆனாலும் மாணவர்கள், பிள்ளை வளர்க்கும் கூட்டம் பொறுமையும் கனிவும் உள்ளது, நகரத்துக் கூட்டம் தன்னம்பிக்கையும் வேகமும் உள்ளது என்று மதிப்பிட்டார்கள். கண்ணெதிரே இருந்த குணப்பட்டியல் அவர்களைத் தடுக்கவில்லை. ஏன் இந்தக் கூட்டம் இந்த வேலையைச் செய்கிறது என்று யோசித்துக் காரணம் எழுதச் சொன்னபோது முத்திரை இன்னும் ஆழமாக விழுந்தது. இரண்டும் வெவ்வேறு உயிரினங்கள் என்று சொல்லிவைத்தபோது மேலும் ஆழமாக. இத்தனைக்கும் அந்தக் கிரகத்தில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. யாருக்கும் அந்தக் கூட்டங்கள் மேல் பகையோ பாசமோ கிடையாது. நடந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் கண்டுபிடிக்க மனம் துடிக்கிறது, கைக்கு வருவது ‘இயல்பு’.

இது சரியென்றால், பெண்கள் செய்யும் வேலை மாறும்போது முத்திரையும் மாற வேண்டும். ஈக்ளியும் சகாக்களும் 1946 முதல் 2018 வரை அமெரிக்காவில் நடந்த 16 கருத்துக்கணிப்புகளை 2020இல் அலசினார்கள். 30,000க்கும் அதிகமானோரின் பதில்கள். 1946இல் ஆணும் பெண்ணும் சமமான புத்திசாலிகள் என்றவர்கள் 35 சதவீதம்தான். 2018இல் 86 சதவீதம். பெண்கள் கல்லூரிக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நுழைந்ததை மக்கள் கண்கொண்டு பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பெண்கள்தான் கனிவானவர்கள், பரிவானவர்கள் என்ற எண்ணம் குறையவில்லை, கூடியது. ஆண்கள்தான் லட்சியவெறியும் துணிவும் உள்ளவர்கள் என்ற எண்ணம் அசையவே இல்லை. ஈக்ளியின் விளக்கத்தில் இதற்கும் இடம் உண்டு: வேலைக்குப் போன பெண்களில் பெரும் பகுதி ஆசிரியராக, நர்ஸாக, பராமரிப்புப் பணியாளராகப் போனார்கள். தலைமை நாற்காலிகள் அவ்வளவாக ஆள் மாறவில்லை.

நாற்காலியே மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா ஒரு சோதனைக்களம் ஆனது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபின், மேற்கு வங்கத்தில் எந்தப் பஞ்சாயத்துக்கு ஒதுக்கீடு என்பது ஏறக்குறையக் குலுக்கல் முறையில் முடிவானது. ஆய்வாளருக்கு இதைவிட அதிர்ஷ்டம் கிடையாது. லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகியோர் பீர்பூம் மாவட்டத்தின் 495 கிராமங்களில் விசாரித்தார்கள். ஒரே அரசியல் பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த இறக்கம் மறைந்துவிட்டது. இரண்டு தடவை ஒதுக்கீடு பெற்ற ஊர்களில் பெண் பிள்ளைகளுக்கும் பையன்களுக்கும் இடையே இருந்த படிப்பு இடைவெளி இல்லாமல் போனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்தது. இத்தனைக்கும் அங்கே இளம்பெண்களுக்குப் புதிதாக எந்த வேலைவாய்ப்பும் உருவாகிவிடவில்லை.

உங்களுக்கு ஆண் தலைவர் வேண்டுமா, பெண் தலைவர் வேண்டுமா என்று நேராகக் கேட்டால் மட்டும், ஊர் ஆண்கள் அப்போதும் ஆண் தலைவர் என்றே சொன்னார்கள். ஆனால் இரண்டு தடவை ஒதுக்கீட்டில் இருந்து, அடுத்து பொதுவாக்கப்பட்ட இடங்களில், முன்பைவிடக் கூடுதலான பெண்கள் தேர்தலில் நின்றார்கள்; கூடுதலானவர்கள் ஜெயித்தார்கள்.